நாற்பத்தொரு ரசிகர்களும் ஒரு காய்ச்சலும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் அக்காள் கணவன் எழுதுவது. என் மகளின் நாட்டியத்தைப் பதினோரு நாடுகளிலிருந்து வாராவாரம் பார்த்துவந்த நாற்பத்தொரு ரசிகர்களும் நீ ஒருவனேதான் என்பதைக் கண்டுபிடித்துவிட்டேன்.

நலம் விசாரித்துவிட்டுத்தான் இதைச் சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கடையில் முதலில் விலையைச் சொல்லிவிட்டுப் பிறகுதான் நான் நாற்காலி போடுவேன், அது உனக்கே தெரியும். இப்போது போடுகிறேன், உட்கார். காய்ச்சல் முழுக்க விட்டதா? இருமல் மிச்சம் இருந்தால் அந்தச் சலவை ஆலையின் நீராவிக்குள் போய் நிற்காதே. ஆஸ்பத்திரித் துணிகளை இயந்திரம் வெளுக்கட்டும், நீ தள்ளி நின்று மேற்பார்வை பார். இங்கே நான், உன் அக்காள், உன் மருமகள் மூவரும் சுகம். என் இடது முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது.

போனில் பேசாமல் காகிதத்தில் ஏன் எழுதுகிறேன் என்று கேட்பாய். போனில் பேசினால் உன் அக்காள் பக்கத்தில் நின்றுகொண்டு, நான் வாயைத் திறப்பதற்குள் உனக்குப் பதில் சொல்லிவிடுவாள். மெசேஜ் அனுப்பலாம் என்றால் என் போன் பாதி நேரம் மகள் கையில் இருக்கிறது. இந்த விஷயம் அவளுக்குத் தெரியவே கூடாது. அதனால் கடை லெட்டர்பேடை எடுத்து, மெத்தைகளுக்கு நடுவே உட்கார்ந்து, கையால் எழுதுகிறேன். எழுத்து புரியாவிட்டால் இரண்டு தரம் படி. பார்சல் ஆபீஸ்காரர் இருபது வருஷமாக அப்படித்தான் படிக்கிறார், ஒரு மெத்தைகூட வேறு ஊருக்குப் போனதில்லை.

முதலிலிருந்து சொன்னால்தான் நீ செய்ததன் அளவு உனக்குப் புரியும். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு ஒரு நாள், பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பு மேசை வேலையை முடித்துவிட்டு உன் மருமகள் நேராகக் கடைக்கு வந்தாள். "அப்பா, இங்க என் ஆட்டத்தைப் பாக்க வர்றவங்க பாதிப் பேர் நம்ம சொந்தக்காரங்க. மீதிப் பேர் கூட ஆடுறவங்களோட சொந்தக்காரங்க. அவங்க ஆட்டத்தைப் பாக்கறதில்ல, எப்ப முடியும்னு கடிகாரத்தைப் பாக்கறாங்க. வெளிநாட்டுல உக்காந்து பாக்க ஆள் இருக்காங்கப்பா. இங்கிருந்தே அவங்களைப் பிடிக்கலாம்" என்றாள். "அங்க போகாமலேயா?" என்று கேட்டேன். "உங்க மெத்தை கப்பல்ல தீவுக்கெல்லாம் போகுது. நீங்களா அது மேல படுத்துட்டுப் போறீங்க?" என்றாள். வியாபாரியின் வாயை அடைக்க வியாபாரத்தால்தான் முடியும் என்பதை அவள் எட்டு வயதிலேயே தெரிந்துகொண்டவள்.

குடோனின் பின்பாதியைக் கேட்டாள், கொடுத்தேன். சனிக்கிழமை மதியத்தோடு லோடு முடிந்துவிடும், நாலு மணிக்கு லைவ் என்று முடிவானது. முதல் சனிக்கிழமை அவள் ஆடியபோது கால் தட்டுவது கண்ணுக்குத் தெரிந்ததே தவிரக் காதுக்கு வரவில்லை. என்னடா என்று பார்த்தால் நாலு பக்கமும் கூரை வரைக்கும் அடுக்கியிருந்த ஃபோம் சத்தத்தையெல்லாம் குடித்துவிட்டது. பேய் ஆடுவது போல இருந்தது. உடனே இருநூறு ஷீட் ஃபோமை இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் மாற்றி, தரையில் ஒட்டுப்பலகை போட்டு, அதற்கடியில் ரப்பர் வைத்து, அது வழுக்கி, அவள் விழுந்து, நல்லவேளையாக ஆறு அங்குல ஃபோம் மேலேயே விழுந்து, ஒருவழியாகச் சத்தம் கேட்க ஆரம்பித்தபோது இரண்டு மாதம் ஓடிவிட்டது. அதற்குள் எனக்குக் கை அரித்தது, நாமும் ஏதாவது செய்யலாமே என்று கல்யாண வீடியோக்காரர் ஒருவரைக் கூட்டிவந்தேன். அவர் பறக்கும் கேமரா வைத்திருந்தார். குடோனுக்குள் அதைப் பறக்கவிட்டார். அது கூரையில் முட்டி, மெத்தை அடுக்கின் பின்னால் விழுந்து, இன்று வரை எடுக்கப்படவில்லை. பிறகு கைக் கேமராவில் எடுத்து அவர் கொடுத்த படத்தில் என் மகள் ஆட ஆட வானத்திலிருந்து இதயம் இதயமாகக் கொட்டியது. மகள் அதை ஒரு தரம் பார்த்தாள். "அப்பா, எனக்குக் கல்யாணம் ஆகலப்பா" என்றாள். அதோடு அவர் கணக்கு முடிந்தது.

அடுத்து நான் செய்ததை உனக்கு இதுவரை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள், வெட்கத்தால் மறைத்துவைத்திருக்கிறோம். தீவுக்குப் போகும் முந்நூறு மெத்தைகளின் பிளாஸ்டிக் உறைக்குள் தலா ஒரு சீட்டு வைத்தேன். 'வாரா வாரம் சனிக்கிழமை எங்கள் ஆட்டத்தைப் பாருங்கள்' என்று எழுதி, அவளுடைய சேனல் விலாசத்தைப் போட்டிருந்தேன். சரக்கோடு விளம்பரம் போவது பழைய முறை, அதில் தப்பே இல்லை. மூன்றே வாரத்தில் மகள் ஆடிக்கொண்டிருக்கும்போதே கமெண்ட் வர ஆரம்பித்தது. நான் ஃபோம் அடுக்கின் மேல் உட்கார்ந்து, போனே மொழிபெயர்த்துத் தருவதைச் சத்தமாகப் படித்துச் சொல்வேன், அதுதான் என் வேலை. ஒருவர் எழுதினார்: "ஆட்டம் அழகு. என் மெத்தை இடப்பக்கம் இறங்கிவிட்டது." இன்னொருவர்: "கைமுத்திரை அருமை. உறையின் ஜிப் வேலை செய்யவில்லை." மகள் கை தூக்கியபடியே நின்று என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் முழங்கால் வலிக்கிறது. ஆனால் மாப்பிள்ளை, அந்த முதல் ஆள், பன்னிரண்டு அறை விடுதிக்காரி, மெத்தை இறங்கிவிட்டது என்று திட்டுவதற்காக வந்தவள், நான் மாற்று மெத்தை அனுப்பிய பிறகும் வந்துகொண்டிருக்கிறாள். அவளைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த நிலையில்தான் உன் ஆட்கள் வந்தார்கள். முதல் வாரம் மூன்று பேர். பிறகு பத்து. பிறகு இருபத்தைந்து. நாலு ஐந்துக்குத் திமுதிமுவென்று நுழைவார்கள், நாலு இருபதுக்குப் போய்விடுவார்கள். பத்துப் பேர் எழுதுவார்கள், மற்றவர்கள் சும்மா நிற்பார்கள். கப்பல் இன்ஜினியர் ஒருவர், ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருத்தி, ரொட்டிக் கடைக்காரர் ஒருவர் என்று ஆளுக்கொரு தொழில், ஆளுக்கொரு நாடு. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஏற்கெனவே இருந்த சிலரோடு சேர்த்து ஐம்பது பேர். மகள் ஒரு நாள் "எத்தனை பேர் சேர்ந்தாப்பா காசு வாங்கி ஒரு வகுப்பு நடத்தலாம்?" என்று கேட்டாள். ஐம்பதில் பாதிப் பேர் சேர்ந்தால் அவளுடைய பல் ஆஸ்பத்திரிச் சம்பளம் வந்துவிடும் என்று விரலிலேயே போட்டுக் காட்டினேன். "வேலையை விட்டுடும்மா, நான் இருக்கேன்" என்றேன். நானாகத்தான் சொன்னேன் மாப்பிள்ளை, அவள் என்னிடம் யோசனை கேட்கவில்லை. அவள் சிரித்துக்கொண்டு "பாக்கலாம்ப்பா" என்றாள். போன வாரம் அவள் பையில் குடை தேடினபோது ஆஸ்பத்திரி மேலாளருக்கு எழுதிய கடிதம் ஒன்று கையில் தட்டுப்பட்டது. 'பொருள்: என் பணி தொடர்பாக' என்று தலைப்பு. அதற்கு மேல் படிக்கத் தைரியம் வரவில்லை, மடித்து வைத்துவிட்டேன். அடுத்த மாதம் முதல் தேதி திங்கட்கிழமை. அன்றுதான் கொடுக்கப்போகிறாள் என்று நினைக்கிறேன்.

உன்னைப் பிடித்தது எப்படி என்று சொல்கிறேன். ஐந்து வாரத்துக்கு முன்பு ஒரு சனிக்கிழமை நாலு ஐந்து ஆனது, நாலு பத்து ஆனது, யாரும் வரவில்லை. ஒன்பது பேர் மட்டும் இருந்தார்கள். "வெளிநாட்டுல நெட் இல்ல போலிருக்கு" என்றேன். "பதினோரு நாட்லயும் ஒரே நேரத்துலயாப்பா?" என்று கேட்டுவிட்டு மகள் ஆடப் போய்விட்டாள். அன்று மாலை உன் அக்காள் போனை வைத்துவிட்டு வந்து, "தம்பிக்கு நாலு நாளா காய்ச்சலாம், எழுந்து தண்ணி குடிக்கக்கூட முடியலயாம்" என்றாள். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. அடுத்த சனிக்கிழமை நாற்பத்தொரு பேரும் திரும்பி வந்தார்கள். கப்பல் இன்ஜினியர் எழுதினார்: "மன்னிக்கவும், காய்ச்சல்." ஆசிரியை எழுதினாள்: "எனக்கும் தொண்டை வலி." ரொட்டிக் கடைக்காரர், "இப்போது பரவாயில்லை, கஞ்சி குடித்தேன்" என்றார். அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது. உனக்குக் காய்ச்சல் வந்தால் பதினோரு நாடு படுத்துக்கொள்கிறதே, அது எப்படி?

வீட்டுக்குப் போய்ப் பழைய கமெண்டுகளையெல்லாம் உட்கார்ந்து படித்தேன். உலகத்தில் எந்தக் கப்பல் இன்ஜினியர், ஆடி முடித்த பெண்ணிடம் "சாப்பிட்டாயா, வெறும் வயிற்றில் ஆடாதே" என்று கேட்பான்? எந்த நாட்டு ஆசிரியை "பாதத்தை வெந்நீரில் வை, அம்மாவை உப்பு போடச் சொல்" என்பாள்? ரொட்டிக்காரர் ஒரு நாள் "அப்பா சத்தம் போட்டால் பொருட்படுத்தாதே, அவர் மனசு நல்லது" என்று எழுதியிருக்கிறார். நான் சத்தம் போடுவது ரொட்டிக் கடை வரைக்கும் எப்படிக் கேட்டது? இங்கே நாலு ஐந்து என்றால் அங்கே காலை பத்து முப்பத்தைந்து. உன் டீ நேரம் பதினைந்து நிமிஷம். கூட வேலை செய்பவர்களின் போன்களையெல்லாம் வாங்கி, மேசையில் கடை பரப்பி, ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு, டீயை ஆறவிட்டு நின்றிருப்பாய். அதைக் கண்ணால் பார்த்தது போல எனக்குத் தெரிகிறது. ஏனென்றால் இது முதல் தடவை இல்லையே.

மறந்துவிட்டாயா? என் முதல் கடை எட்டு அடி அகலம். திறந்து பதினோரு நாள் ஒரு ஈ, காக்கை நுழையவில்லை. பன்னிரண்டாம் நாள் நீயாக வந்து, "அத்தான், கடைவாசல்ல நாலு பேர் நின்னா அஞ்சாவது ஆள் தானா வருவான்" என்று சொல்லிவிட்டு, ஒரு மெத்தையைச் சுருட்டித் தோளில் வைத்துக்கொண்டு முன்வாசலால் போனாய். தெருவைச் சுற்றிப் பின்வாசலால் உள்ளே வந்தாய். மறுபடி முன்வாசல். ஒரே மெத்தை, ஒரு நாளைக்கு ஏழு சுற்று, சட்டையை மட்டும் மாற்றிக்கொள்வாய். நாலாம் நாள் தெருவில் ஒருவர் உன்னை நிறுத்தி, "எங்கே வாங்கினீங்க?" என்று கேட்டார். அவர்தான் என் முதல் வாடிக்கையாளர். இதை நான் உன் அக்காளுக்குக்கூடச் சொன்னதில்லை. சொந்தக் காலில் நின்றவன் என்று ஊரெல்லாம் என்னைச் சொல்கிறார்கள். அந்தக் காலுக்கு அடியில் உன் தோள் இருந்தது எனக்கு மட்டும் தெரியும்.

அதனால் உன்னைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், கேள். அந்த முதல் வாடிக்கையாளர் ஒரு மாதம் கழித்து மெத்தையைத் தலையில் சுமந்துகொண்டு வந்து கடைவாசலில் போட்டார். "இது மெத்தையா, பள்ளமா?" என்று தெருவே கூடும்படி கத்தினார். நான் அன்றைக்குத்தான் ஃபோமின் அடர்த்தி என்றால் என்ன என்று விசாரித்தேன், எங்கே வாங்குவது, எப்படி அழுத்திப் பார்ப்பது என்று கற்றுக்கொண்டேன். நீ சுற்றிவந்ததால் எனக்குக் கடை கிடைத்தது. அவர் திட்டியதால்தான் தொழில் கிடைத்தது. உன் நாற்பத்தொரு பேரில் ஒருவராவது உன் மருமகளிடம் குற்றம் சொல்லியிருக்கிறாரா? எல்லோரும் 'அருமை, அருமை, சாப்பிட்டாயா' தான். அவள் கால் தப்பினாலும் அருமை, விழுந்தாலும் அருமை. கேள்வி கேட்டார்கள், அதை இல்லை என்று சொல்லவில்லை. உன் ஆசிரியை "கை ஏன் முதலில் நெற்றிக்குப் போகிறது?" என்று கேட்டதற்கு அவள் பத்து நிமிஷம் நின்று விளக்கினாள். ஆனால் கடைக்கு வந்தவன் மெத்தையை அழுத்திப் பார்க்க வேண்டும் மாப்பிள்ளை. அழுத்துகிற கையெல்லாம் சொந்தக்காரன் கையாக இருந்தால் சரக்கு நல்லதா கெட்டதா என்று அவளுக்கு எப்படித் தெரியும்? தெரியாமலே அவள் வேலையை விட்டுவிட்டு, ஐம்பது பேர் என்று நம்பி வகுப்பைத் திறந்து, உள்ளே ஒன்பது பேர் மட்டும் நின்றால், அந்த முகத்தை நான் பார்க்க வேண்டும். விடச் சொன்னவன் நான். என் கணக்கில் பிழை இல்லை, சரக்கில்தான் பிழை.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த ஒன்பது பேரை நான் இப்போதுதான் சரியாகப் பார்க்கிறேன். நாற்பத்தொரு பேர் கூட்டத்தில் அவர்கள் முகமே எனக்குத் தெரியாமல் போயிருந்தது. விடுதிக்காரி ஒருத்தி, சொன்னேனே. கடிகாரம் பழுதுபார்ப்பவர் ஒருவர், கை தட்டுவதுமில்லை, ஒரு வார்த்தை எழுதுவதுமில்லை, ஆனால் கடைசி நொடி வரைக்கும் போகவும் மாட்டார். இரண்டு பெண் குழந்தைகளின் தாய் ஒருத்தி, குழந்தைகள் திரைக்கு முன்னால் நின்று கூடவே ஆடுகிறார்கள் என்று எழுதுவாள். அடிபட்டவர்களுக்கு நடக்கப் பயிற்சி கொடுக்கும் ஒரு அம்மாள், பனி கொட்டும் நாட்டில் இருக்கிறாள். அவள்தான் ஒரு நாள் "உன் இடது முழங்கால் வலதை விடக் குறைவாக மடிகிறது, வலியா, பழக்கமா?" என்று கேட்டாள். அன்றைக்கு உன் மருமகள் சாப்பிடவில்லை. கதவைச் சாத்திக்கொண்டாள். நான் அந்த அம்மாளைப் பிடித்துத் திட்டி எழுதலாம் என்று போனை எடுத்தேன். நல்லவேளை, சார்ஜ் இல்லை. இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால் இடது கால் வலதோடு சமமாக உட்காருகிறது. எட்டு வருஷமாக இங்கே யாரும் சொல்லாத குற்றம். சபையில் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தோம், எங்களுக்கு எந்தக் கால் என்றே தெரியாது.

ஆகவே வெளிநாட்டு ஆளை வீட்டிலிருந்தே பிடிப்பது எப்படி என்று என்னை யாராவது கேட்டால் இப்போது சொல்வேன், மெத்தைக்கும் ஆட்டத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கடை திறக்கிற நேரம் மாறக் கூடாது. மாறினால் அங்கே ஒருவன் வேலையை விட்டுவிட்டு வந்து பூட்டின கதவைப் பார்ப்பான், மறுபடி வர மாட்டான். ஆடுவதற்கு முன்னால் என்ன கதை என்று நாலு வரி அவன் மொழியில் போட வேண்டும், லேபிள் இல்லாத மெத்தையை எவன் தொடுவான்? ஆனால் முழுக்க விளக்கவும் கூடாது, கொஞ்சம் அவனே அழுத்திப் பார்த்துத் தெரிந்துகொள்ளட்டும். ஆயிரம் பேரைத் தேடி ஓடாமல், திரும்பி வருகிற ஒன்பது பேரிடம் போய் 'உங்களுக்கு என்ன வேணும்' என்று கேட்க வேண்டும். இந்தச் சீட்டு, பறக்கிற கேமரா எல்லாம் என்னை மாதிரி அவசரக்காரன் வேலை. ஒன்பது பேர் என்பது குறைவு இல்லை, மாப்பிள்ளை. நான் ஒருவரோடு ஆரம்பித்தவன், அவரும் கத்திக்கொண்டுதான் வந்தார்.

இப்போது நீ செய்ய வேண்டியது. இந்தக் கடிதம் உன் கைக்கு வரப் பத்து நாள் ஆகும். அதற்குப் பிறகு முதல் தேதிக்குள் இரண்டு சனிக்கிழமை இருக்கிறது. முதல் சனிக்கிழமை இருபது பேரை நிறுத்து, இரண்டாவது சனிக்கிழமை மீதியை. ஒரேயடியாக நிறுத்தினால் சந்தேகப்படுவாள். கப்பல் இன்ஜினியரைக் கடலுக்கு அனுப்பிவிடு, அங்கே சிக்னல் இல்லை என்று எழுது. ஆசிரியை மகள் வீட்டோடு போய்விடட்டும். ரொட்டிக்காரருக்கு வியாபாரம் பெருகட்டும். யாரையும் சாகடிக்க மட்டும் வேண்டாம், அவள் துக்கம் விசாரிக்க ஆரம்பித்தால் நீ பிணத்துக்குப் பதில் எழுதிக்கொண்டிருக்க வேண்டும். கூட்டம் குறைந்ததைப் பார்த்தால் அவளே அந்தக் கடிதத்தைக் கிழித்துவிடுவாள். நம் இரண்டு பேரைத் தவிர வேறு யாருக்கும் தெரிய வேண்டாம். உன்னைக் காட்டிக்கொடுத்த பாவம் எனக்கு வேண்டாம், என்னைக் காட்டிக்கொடுத்த பாவம் உனக்கும் வேண்டாம்.

உடம்பு தேறி, இருமல் அகன்று, சம்பளம் உயர்ந்து, நல்ல ஜன்னல் உள்ள அறை ஒன்று உனக்குக் கிடைக்க வேண்டும் என்று உன் அக்காளும் நானும் நினைத்துக்கொள்கிறோம். டீயைச் சூடாகக் குடி.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: உன் விலாசம் என்னிடம் இல்லை என்பது உறையை ஒட்டப்போனபோதுதான் தெரிந்தது. அது மகள் போனில்தான் இருக்கிறது. போய்க் கேட்டேன். "எதுக்குப்பா?" என்றாள். "மாமாவுக்கு ஒரு சாம்பிள் அனுப்பணும்" என்றேன். "ஃபோம்ல எப்ப இருந்துப்பா மை ஒட்டுது?" என்று என் விரலைப் பார்த்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து கடிதத்தை உருவிக்கொண்டாள். ஃபோம் அடுக்கின் மேல் ஏறி உட்கார்ந்து முழுக்கப் படித்தாள். பிணத்துக்குப் பதில் எழுதும் இடத்தில் சிரித்தாள். மெத்தை சுமந்த இடத்தில் சிரிக்கவில்லை.

"ரெண்டாவது வாரமே தெரியும்ப்பா" என்றாள். "எந்த ஊர் இன்ஜினியர் சாப்டியான்னு கேப்பார்?"

"தெரிஞ்சா ஏன் சொல்லல?"

"மாமா அங்க ஒரே அறையில தனியா இருக்கார். வாரத்துல பதினஞ்சு நிமிஷம் நாப்பத்தொரு ஆளா இருக்கார். அதை நான் எதுக்குக் கெடுக்கணும்? காய்ச்சல் வந்த அன்னிக்கு யாருமே வரலைன்னதும் ஆடும்போதே பயந்துட்டேன். உடனே மாமாவுக்குப் போன் பண்ணுன்னு அம்மாகிட்ட சொன்னது யாருன்னு நினைக்கிறீங்க?"

"அப்ப ராஜினாமா?"

"அது ராஜினாமா இல்லப்பா. அரை நாள் வேலை போதும்னு கேட்ட லெட்டரோட நகல். கிடைச்சு மூணு வாரம் ஆகுது. அடுத்தவங்க பையில கை விட்டா முழுசாவாவது படிக்கணும். அம்பதுன்னு நீங்கதான் எண்ணினீங்க. நான் எப்பவும் ஒம்பதுன்னுதான் எண்ணினேன். அவங்ககிட்ட கேட்டேன், ஆறு பேர் சேர்ந்தாச்சு. அரை நாளைக்கு அது போதும்."

கடிகாரக்காரரும் சேர்ந்திருக்கிறாராம். இன்னமும் ஒரு வார்த்தை எழுதவில்லையாம், கட்டணத்தை மட்டும் அனுப்பினாராம்.

இதற்கிடையில் உன் அக்காள் வந்து, என்ன சிரிப்பு என்று கேட்டு, மெத்தைக் கதையை அவளும் படித்துவிட்டாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். "இது என்ன புதுசா? ராத்திரியானா தம்பி சுமந்து சுமந்து கிழிஞ்ச மெத்தை உறையைத் தச்சுக் கொடுத்தது யாரு, நான்தானே" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். மாப்பிள்ளை, இந்த வீட்டில் நான் ஒருவன்தான் ரகசியம் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஆகவே மேலே எழுதியதில் நலம் விசாரித்ததைத் தவிர மற்றதெல்லாம் ரத்து. கடைசியில் என் மகள் பேசி முடித்த விதிகளை அப்படியே எழுதுகிறேன், அவள் பக்கத்தில் நின்று பார்க்கிறாள். நாற்பது பேரை நீ உன் வசதிப்படி அனுப்பிவைக்கலாம், நாற்பத்தொன்றாவது ஆள் உன் சொந்தப் பெயரில், உன் சொந்த முகத்தோடு இருக்க வேண்டும். 'அருமை' என்று எழுதக் கூடாது. வாரம் ஒரு கேள்வி கேட்க வேண்டும், அந்த ஆசிரியை கேட்டது மாதிரி. அந்தக் கேள்விக்கு என் மகள் சொன்ன பதிலைப் பார்த்துத்தான் நடக்கப் பயிற்சி கொடுக்கும் அம்மாள் முதல் தடவை போகாமல் நின்றாளாம். வகுப்பு ஞாயிற்றுக்கிழமை, உங்கள் ஊர் மணி பத்து, அன்று உனக்கு லீவு என்பது அவளுக்குத் தெரியும். நீ ஏழாவது ஆளாகச் சேர வேண்டும். உட்கார்ந்து பார்க்கக் கூடாது, எழுந்து நின்று ஆட வேண்டும், கேமராவை மூடக் கூடாது, சாப்பிட்டுவிட்டு வர வேண்டும். கட்டணம் எல்லோருக்கும் உள்ளதுதான், மாதத் தொடக்கத்தில் முன்பணமாக. தாய்மாமனுக்குத் தள்ளுபடி கிடையாது. அப்பாவுக்கும் கிடையாதாம், எட்டாவது ஆளாக நான் கட்டிவிட்டேன்.